ஷெனோன்சோ கோட்டையும் பழைய பாணிப் பயணச் சுவரொட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றின் மேல் வளைவு வளைவாக நீளும் வெள்ளைக்கல் கோட்டை, நீலச்சாம்பல் கூரைகள், தண்ணீரில் அதே உருவம் தலைகீழாக, அடியில் பட்டையான எழுத்தில் ஊர்ப்பெயர். இந்த மாதிரிச் சுவரொட்டியை வாங்க நினைப்பவர்களும், தாங்களே அச்சடிக்கப் பார்ப்பவர்களும், சும்மா ஆர்வத்தில் விசாரிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

படத்தில் இருப்பது எந்த இடம்?

பிரான்சில் உள்ள ஷெனோன்சோ. பாரிசுக்குத் தென்மேற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் உள்ள பெரிய நகரம் தூர். லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகள் என்ற வரிசையில்தான் இதைச் சேர்ப்பார்கள். ஆனால் கோட்டை நிற்பது லுவாரில் இல்லை, அதில் போய்ச் சேரும் ஷேர் என்ற துணையாற்றில். சுவரொட்டியின் அடியில் லுவார் என்று போட்டிருந்தால் தப்பு என்று சொல்ல முடியாது. படத்தில் ஓடும் தண்ணீர் மட்டும் ஷேருடையது.

இது கோட்டையா, மாளிகையா, பாலமா?

மூன்றும்தான், அதுவும் வேறு வேறு காலத்தில்.

முதலில் இங்கே மார்க் என்ற குடும்பத்தின் பழைய கோட்டையும், ஆற்றில் ஒரு மாவரைக்கும் நீராலையும் இருந்தன. மன்னர்களின் வரிப்பணத்தைக் கவனித்துவந்த தோமா போயே 1513-ல் இடத்தைத் தன் வசமாக்கினார். பழைய கோட்டையை இடித்தார், ஒரு வட்டக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். ஆலையின் அடித்தூண்கள் மேல் புது மாளிகை எழுந்தது. அவர் வேலை நிமித்தமாக இத்தாலியில் இருந்த காலத்தில் கட்டட வேலையை நடத்தியது மனைவி கத்தரீன் பிரிசொன்னே. இருவரும் இறந்த பிறகு, அரசாங்கத்துக்கு வரவேண்டிய பாக்கிக்காக 1535-ல் அவர்கள் மகன் அந்த வீட்டை மன்னர் முதலாம் பிரான்சுவாவிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

1547-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஹென்றி இதைத் தன் காதலி டியான் த புவாத்தியேவுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா கணக்கு வழக்கில் கெட்டிக்காரி, தோட்டத்தில் பிரியமுள்ளவர். கரையில் பெரிய தோட்டம் போட்டார். கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் த லோர்மை அழைத்து, மாளிகையிலிருந்து எதிர்க்கரைக்குப் பாலம் கட்டவைத்தார். 1559-ல் ஈட்டி விளையாட்டில் காயம்பட்டு மன்னர் இறந்தார். அரசி கத்தரீன் த மெடிசி காத்திருந்தது போல ஷெனோன்சோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, டியானுக்கு ஷோமோன் என்ற வேறு கோட்டையைக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் அந்தப் பாலத்தின் மேலேயே நீளக்கூடம் எழுப்பினார். 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 18 சன்னல்கள்.

ஆக, சுவரொட்டியில் நம் கண்ணைப் பிடித்து இழுக்கும் அந்த நீண்ட வெள்ளைப் பகுதி, காதலி கட்டிய பாலத்தின் மேல் மனைவி கட்டிய மாடி. சண்டைக்காகக் கட்டிய கோட்டை என்றால் அந்த ஒற்றை வட்டக் கோபுரம்தான், அது படத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

பிரெஞ்சுப் புரட்சியிலும் போர்களிலும் எப்படித் தப்பியது?

புரட்சிக் காலத்தில் இது துய்ப்பேன் சீமாட்டியின் வீடு. தத்துவ எழுத்தாளர் ரூசோ ஒரு காலத்தில் அவரிடம் செயலாளராக வேலை பார்த்தவர். அக்கம்பக்கத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லை, இதை இடித்தால் வணிகம் படுத்துவிடும் என்று அவர் வாதாடிக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள்.

1913-ல் சாக்லேட் தயாரிப்பில் பேர் பெற்ற மெனியே குடும்பம் வாங்கியது. முதல் உலகப் போரில் அந்த நீளக்கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு ராணுவ மருத்துவமனை நடத்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். 1940-ல் ஜெர்மானியர் பிரான்சை இரண்டாகப் பிரித்தபோது எல்லைக்கோடு ஷேர் ஆற்றின் வழியாகப் போனது. மாளிகையின் வாசல் ஆக்கிரமிப்புப் பகுதியில், கூடத்தின் தென்கோடிக் கதவு மறுபகுதியில். அந்தக் கூடத்தை நடந்து கடந்து தப்பியவர்கள் உண்டு. இன்றும் உரிமை மெனியே குடும்பத்திடம்தான்.

ரயில் கம்பெனிக்கும் கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பயணச் சுவரொட்டிகளில் பெரும்பகுதிக்குக் காசு கொடுத்தது ரயில் கம்பெனிகள்தான். பிரான்சின் ரயில்வே 1938-ல் ஒரே தேசிய நிறுவனமாவதற்கு முன் பகுதிக்கு ஒரு கம்பெனி. லுவார் பக்கம் பாரிஸ்–ஓர்லியான் கம்பெனி, சுருக்கமாகப் பே-ஓ. தெற்குக் கடற்கரையும் ஆல்ப்ஸும் பாரிஸ்–லியோன்–மெடிட்டரேனியன் கம்பெனி கையில் இருந்தன. அவர்களிடம் கடலும் பனிமலையும் இருந்தது, பே-ஓவிடம் என்ன இருந்தது? கோட்டைகள். அதனால் அம்புவாஸ், அசே, ஷெனோன்சோ என்று வரிசையாக வரையவைத்து ஒட்டினார்கள். ரயிலில் தூருக்கோ புளுவாவுக்கோ வந்து இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் ஏற்றி நாலைந்து கோட்டை சுற்றிக்காட்டும் ஏற்பாடும் வைத்திருந்தார்கள்.

பாரிசில் பே-ஓ 1900-ல் திறந்த ஓர்சே நிலையம்தான் இன்றைய ஓர்சே அருங்காட்சியகம்.

அப்படியானால் படத்தில் ரயிலே இல்லையே?

விற்பது இருக்கையை அல்ல, போய்ச் சேரும் இடத்தை. ரயிலையே நாயகனாக்கிய சுவரொட்டிகளும் உண்டு. கசாந்த்ர் என்ற ஓவியர் 1927-ல் வரைந்த வடக்கு விரைவு ரயில் அதில் பிரசித்தம். ஆனால் கோட்டைப் படங்களில் கம்பெனியின் பெயர் மேலேயோ கீழேயோ ஒரு வரியாக அடங்கிவிடும். இன்றைய விளம்பரக்காரர்கள் லோகோவைப் பெரிதாக்கச் சொல்லி நச்சரிப்பதை நினைத்தால் அந்தக் காலத்து ஆட்களின் அடக்கம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

லுவார் கோட்டைகளை வரைந்தவர் யார்?

பலர் வரைந்தார்கள். ஷெனோன்சோ என்றதும் சேகரிப்பாளர்கள் முதலில் சொல்லும் பெயர் கோன்ஸ்தான்-துவால் (1877–1949). 1920-களில் பே-ஓவுக்காக லுவார் கோட்டைகளை வரிசையாக வரைந்தவர். அவர் கைப்பாங்கு கொஞ்சம் பழமையானது: கட்டடத்தை விவரமாக, நேர்மையாக வரைவார், நிறங்களை மட்டும் சுருக்குவார். அதே காலத்தில் பாரிஸ்–லியோன்–மெடிட்டரேனியன் கம்பெனிக்கு வரைந்த ரோஜே புரோதேர் (1883–1953) இதற்கு நேர் எதிர். மலை என்றால் நாலு பட்டை நிறம், அவ்வளவுதான். இன்று பழைய பாணி என்று விற்கும் புதுப் படங்கள் பெரும்பாலும் புரோதேரைப் பார்த்துத்தான் வரைகின்றன, துவாலைப் பார்த்து அல்ல.

நிறங்கள் ஏன் இப்படித் தட்டையாக, சிலவாக இருக்கின்றன?

அச்சு முறை அப்படி. கல்லச்சு என்கிற லித்தோகிராபியை பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் 1790-களின் கடைசியில் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புப் பசையுள்ள சாக்கட்டியால் வரைய வேண்டும். பிறகு கல்லை நனைத்தால், எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் நிற்காதது போல, வரைந்த இடத்தில் நீர் ஒட்டாது. அங்கே மை மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம்.

ஒரு கல்லுக்கு ஒரு நிறம். மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று. அதே தாளை ஒவ்வொரு கல்லிலும் இம்மி பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். நிறம் கூடக் கூட செலவும் கூடும், பிசகும் கூடும். எனவே ஓவியர் கணக்குப் போட்டார்: மஞ்சள் மேல் நீலத்தை ஏற்றினால் மரத்துக்குப் பச்சை கிடைத்துவிடும், தனிக் கல் வேண்டாம். கோட்டைச் சுவருக்கு நிறமே வேண்டாம், தாளின் வெளிர் நிறம் போதும், நிழலுக்கு மட்டும் சாம்பல். அந்தப் படங்களில் கோட்டை பளிச்சென்று வெளிச்சம் வாங்கி நிற்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். நேரடியாகக் கல்லில் வரைந்தால் படம் இடம் வலம் மாறித்தான் விழும் என்பதால் கோட்டையை மட்டுமல்ல, எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வரைய வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் நமக்கும் அந்நியமில்லை. ரவி வர்மா 1894-ல் பம்பாய்ப் பக்கம் தொடங்கிய அச்சகத்திலிருந்து வீடு வீடாகப் போன லட்சுமியும் சரஸ்வதியும் பல நிறக் கல்லச்சில் வந்தவர்கள்தான். வித்தியாசம், அங்கே ஓவியம் போலவே தெரிய வேண்டும் என்று ஏராளமான நிறங்கள் போட்டார்கள். பயணச் சுவரொட்டி பத்தடி தூரத்தில் நடந்துபோகிறவரை நிறுத்த வேண்டும், அதற்குக் குறைவுதான் நல்லது.

பிரெஞ்சுச் சுவரொட்டியில் முழுவெள்ளைப் பின்னணி அரிதாக இருப்பது ஏன்?

1881-ம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் வெள்ளைத் தாளை அரசு அறிவிப்புகளுக்கு மட்டும் ஒதுக்கியது. மற்றவர்கள் நிறத் தாளிலோ, தாள் நிறைய நிறம் ஏற்றியோ அச்சடிக்க வேண்டியிருந்தது.

படம் இடம் வலம் திரும்பியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இது ரொம்ப சுலபம். மாளிகை வடகரையை ஒட்டி நிற்கிறது, பாலக்கூடம் தெற்கே நீள்கிறது. ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. டியானின் தோட்டம் கிழக்கே, கத்தரீனின் தோட்டம் மேற்கே.

டியான் பக்கம் நின்று பார்த்தால் மாளிகை வலது கையில், கூடம் இடப்புறம் நீளும். அந்தப் பக்கச் சுவரிலிருந்து சிற்றாலயம் ஒன்று ஆற்றை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். உயரமான கூர்வளைவுச் சன்னல்களால் அடையாளம் தெரியும். கத்தரீன் பக்கம் நின்றால் எல்லாம் மாறும்: மாளிகை இடது கையில், கூடம் வலப்புறம், பழைய வட்டக் கோபுரம் இடக்கோடியில். சிற்றாலயமும் தெரிகிறது, கூடமும் வலப்புறம் நீள்கிறது என்றால் யாரோ படத்தைத் திருப்பிவிட்டார்கள். இணையத்தில் விற்கும் புதுப் படங்களில் இது சர்வசாதாரணம். சுவரில் மாட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்கலாம். நேரில் போய்வந்த ஒரு விருந்தாளி போதும்.

சூரியன் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

கோட்டைக்குப் பின்னால் ஆரஞ்சு வண்ண அந்தி வேண்டுமானால் டியான் தோட்டப் பக்கத்துக் காட்சிதான் சரி, ஏனென்றால் அங்கிருந்து பார்வை மேற்கே போகிறது. கத்தரீன் பக்கத்துக் காட்சியில் பின்னால் சூரியன் இருந்தால் அது விடியற்காலை. அந்தப் பக்கம் மாலையில் வேறு அழகு: வெயில் நேராகச் சுவரில் விழுந்து வெள்ளைக்கல் தேன் நிறமாகிவிடும். என் ஓட்டு இதற்குத்தான். சூரியனை வட்டமாக வரைந்து காட்டுவதைவிட, அது சுவரில் விழுவதை வரைவது கடினம், பார்க்கவும் நிறைவு.

அசல், மறுபதிப்பு, பழைய பாணி: மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

அசல் என்பது அந்தக் காலத்தில் விளம்பரத்துக்காக அச்சாகி, ஒட்டப்பட்டதோ ஒட்டாமல் மிஞ்சியதோ. மறுபதிப்பு என்பது அதே படத்தைப் பிற்காலத்தில் நகலெடுத்து அச்சிட்டது. பழைய பாணி என்பது இன்றைய ஓவியர் புதிதாக வரைந்தது. மூன்றில் எதை வாங்குவதிலும் குறைச்சல் இல்லை. குழப்பம் வருவது, விற்பவர் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும்போதுதான். "விண்டேஜ்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த ஆண்டு அச்சு, எந்த முறை, யார் வரைந்தது என்று கேளுங்கள்.

அசல்தானா என்று கண்டுபிடிக்க வழி?

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அது. கல்லச்சில் நிறம் ஒழுங்கில்லாத பொடிமணலாகவோ சீரான பரப்பாகவோ தெரியும், சாக்கட்டியின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருக்கும். ஆஃப்செட் மறுபதிப்பில் நாலு நிறப் புள்ளிகள் வரிசையாக, பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும். இங்க்ஜெட்டில் மிக நுண்ணிய தெளிப்பு.

அடுத்து அளவு. பிரெஞ்சு ரயில் சுவரொட்டிகள் பெரும்பாலும் சுமார் 62 × 100 செ.மீ. சரியாக 50 × 70 செ.மீ. என்று இருந்தால் சந்தேகப்படுங்கள், அது இன்றைய பிரேம்களுக்கான அளவு. பிரிட்டிஷ் ரயில் சுவரொட்டிகளுக்கு வேறு கணக்கு: செங்குத்தானது 25 × 40 அங்குலம், அகலமானது 50 × 40 அங்குலம்.

மூன்றாவது, அடியில் உள்ள சின்ன எழுத்து. அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கே இருக்கும். பே-ஓ என்று மட்டும் இருந்தால் 1934-க்கு முந்தையது என்று கொள்ளலாம். அந்த ஆண்டு அது மிதி என்ற தெற்குக் கம்பெனியோடு சேர்ந்து பே-ஓ–மிதி ஆனது. தேசிய ரயில்வேயின் எஸ்.என்.சி.எஃப். முத்திரை இருந்தால் 1938 அல்லது அதற்குப் பின்.

மடித்த தடமும் துணி ஒட்டிய முதுகும் குறையில்லை. சுவரொட்டிகளை மடித்துத்தான் அனுப்பினார்கள். பிற்பாடு பாதுகாக்க விரும்புபவர்கள் தண்ணீரில் கரையும் மாவுப் பசையால் மெல்லிய தாளும் துணியும் சேர்த்து ஒட்டிவைப்பது வழக்கம். மாறாக, பலகையில் ஒரேயடியாக ஒட்டிய அசலை விலை குறைவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

கறையும் கிழிசலும் போட்டு அச்சடித்த படம் வாங்கலாமா?

வேண்டாம். 1925-ல் ஒட்டியபோது அந்தச் சுவரொட்டி புத்தம் புதிதாகத்தான் இருந்தது. பழமை என்பது வரைந்த விதத்திலும் நிறத்தைத் தேர்ந்ததிலும் இருக்க வேண்டும். தேநீர் சிந்தியது போன்ற கறையை அச்சடிப்பது, வரைதலில் உள்ள ஓட்டையை மறைக்கத்தான் பெரும்பாலும் உதவுகிறது.

பழைய படத்தை நானே அச்சடித்துக்கொள்ளலாமா? காப்புரிமை?

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு, பிரான்சில் 70 ஆண்டு வரை காப்புரிமை. துவால் 1949-ல் இறந்தார், ஆக இரண்டு நாட்டிலும் காலம் முடிந்துவிட்டது. புரோதேர் 1953, அதுவும் 2023 இறுதியோடு பிரான்சில் முடிந்தது. கசாந்த்ர் இறந்தது 1968-ல், அவர் படங்களைத் தொடாதீர்கள். இன்றைய ஓவியர் பழைய பாணியில் வரைந்தது முழுக்க அவருடைய படைப்பு. பழசு மாதிரி இருக்கிறதே என்று இறக்கி அச்சடித்து விற்றால் அது திருட்டுத்தான்.

கோட்டைக்காரர்களிடம் அனுமதி வேண்டாமா?

ஷெனோன்சோவைப் பார்த்து நீங்களே வரைந்தால் பொதுவாகப் பயமில்லை. தன் சொத்தின் உருவத்தின் மேல் உரிமையாளருக்குத் தனியுரிமை கிடையாது, அசாதாரணத் தொந்தரவு ஏற்பட்டால் மட்டும் தடுக்கலாம் என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. ஷம்போர் போன்ற அரசுக் கோட்டைகளுக்குத்தான் தனி விதி. ஒரு பீர் நிறுவனம் 2010-ல் விளம்பரத்தில் ஷம்போரைப் பயன்படுத்தப்போய் வழக்காகி, அப்புறம் 2016-ல் தேசியச் சொத்துகளின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும் என்று சட்டமே வந்தது. ஷெனோன்சோ தனியார் சொத்து, அந்தப் பட்டியலில் வராது. பெரிய அளவில் விற்பனை செய்வதாக இருந்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

நானே வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் ஆறு நிறம் எடுத்து உட்காருங்கள், ஏழாவது கிடையாது என்று முடிவு செய்துகொண்டு. வெளிர்மஞ்சள் தாள், கூரைக்கு நீலச்சாம்பல், நிழலுக்கு இளம் ஊதா, மரத்துக்கு அடர்பச்சை, நீருக்கு ஒரு நீலம், எழுத்துக்கு ஒரு செம்மண் சிவப்பு. கணினியில் வரைந்தாலும் ஒவ்வொரு நிறத்தையும் தனி அடுக்காக வைத்து, கல் வைத்தது போலவே வேலை செய்யுங்கள். ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் நிறக்கலவைச் சரிவைப் (கிரேடியன்ட்) பயன்படுத்தவே வேண்டாம். வானத்தில் மட்டும் ஒரே ஒரு இடத்தில் விதிவிலக்கு கொடுக்கலாம், பழைய அச்சகங்களும் உருளையில் இரண்டு மையைக் கலந்து அதைச் செய்தன.

முன்னால் ஓரத்தில் ஒரு மரக்கிளையையோ கரையையோ இருட்டாக வைத்தால் கோட்டை தானே பின்னால் போய் ஒளி பெறும். அப்புறம் நீர்நிழல். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோட்டையை அப்படியே கவிழ்த்து ஒட்டினால் அது கண்ணாடி, ஆறு இல்லை. ஷேர் மெதுவாக ஓடும் ஆறுதான், இருந்தாலும் நிழலைப் படுக்கைக் கோடுகளாக வெட்டி, கீழே வர வர இடைவெளியைக் கூட்டினால்தான் தண்ணீர் தெரியும். வளைவுகளின் உட்பக்கம் கோட்டையிலேயே மிக அடர்ந்த நிறம். அந்த இருட்டும் அதன் நிழலும் சேர்ந்து முட்டை வடிவமாக வரும். அதைப் பிடித்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

வளைவை எண்ணி வரையுங்கள். கூடத்தின் கீழ் ஐந்து. ஏஐயிடம் படம் கேட்டால் நாலும் வரும், எட்டும் வரும், சிற்றாலயம் கூரை மேல் ஏறியும் உட்காரும்.

எழுத்தைத் தமிழில் போடலாமா?

தாராளமாக. கணினி எழுத்துருவை அப்படியே வைக்காமல் கையால் வரையுங்கள், அந்தக் கால எழுத்துகளும் ஓவியர் வரைந்தவைதான். தமிழில் மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் இடம் பிடிக்கும், ஆகவே பட்டையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். "ஷெனோன்சோ" என்று எழுதினால் இரட்டைக் கொம்பும் காலும் மாறி மாறி வந்து வளைவுகளோடு நன்றாகவே பொருந்துகிறது.

என்ன அளவில், எந்தத் தாளில் அச்சடிப்பது?

வீட்டுக்கு ஏ2 (42 × 59.4 செ.மீ.) போதும். தெளிவாக வர கோப்பு 4961 × 7016 பிக்சல் இருந்தால் உத்தமம். அதில் பாதி இருந்தாலும் தட்டை நிறப் படம் என்பதால் சமாளிக்கும். பழைய 62 × 100 வடிவத்தை ஏ2-ல் போட்டால் உயரம் நிறையும்போது அகலம் 37 செ.மீ. அளவுக்குத்தான் வரும். இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ. வெறும் தாள் மிஞ்சும். அதை அப்படியே விடுங்கள். கடைக்காரர் இழுத்து நிரப்பித் தரட்டுமா என்பார், கூடாது, கோட்டை குட்டையாகிவிடும்.

பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட மேட் தாள் கேளுங்கள், பருத்தித் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. பிக்மென்ட் மை உள்ள இங்க்ஜெட்டில் அடித்தால் நிறம் வருடக்கணக்கில் நிற்கும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் இந்த வேலை ஆகாது.

பிரேம் போடும்போது கவனிக்க வேண்டியது?

கண்ணாடி நேராகத் தாளைத் தொடக்கூடாது. இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டையாக இருந்தால் ஓரம் பழுக்காது. கடலோர ஊர்க்காரர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும், ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. லேமினேஷன் வேண்டாம். சட்டம் மெல்லியதாக, கறுப்பாகவோ தேக்கு நிறமாகவோ இருக்கட்டும். தங்கச் சரிகைச் சட்டம் போட்டால் விளம்பரம் ஓவியமாக வேஷம் போட்ட மாதிரி ஆகிவிடும். நேர் வெயில் படும் சுவரையும் அடுப்படியையும் தவிர்க்கவும்.

அசல் சுவரொட்டிகளை எங்கே பார்க்கலாம்?

பாரிசில் ஃபோர்னே நூலகம் சுவரொட்டிச் சேகரிப்புக்குப் பேர்போனது. பிரான்சின் தேசிய நூலகம் கல்லிக்கா என்ற தன் இணைய நூலகத்தில் ஏராளமானவற்றை இலவசமாகக் காட்டுகிறது. பிரிட்டிஷ் ரயில் படங்களுக்கு யார்க்கில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம்.

கோட்டையையே நேரில் பார்க்க?

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் தூர் நகரை ஒட்டிய சேன்-பியேர்-தே-கோருக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள். நிலையம் கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் சிறு படகில் வளைவுகளுக்கு அடியில் துடுப்புப் போட்டுப் போகலாம். படம் வரைகிறவர்கள் அதைச் செய்யாமல் திரும்பக்கூடாது.

ஷெனோன்சோ தவிர ஆற்றங்கரைக் கோட்டைச் சுவரொட்டிகள் உண்டா?

நிறைய. ஜெர்மனியில் ரைன் ஆற்றின் நடுவே ஒரு கப்பல் போல நிற்கும் ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன், 14-ம் நூற்றாண்டில் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. நெக்கார் ஆற்றங்கரையில் ஹைடல்பெர்க், 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படை தகர்த்து, 1764-ல் இடியும் விழுந்து, இடிபாடாகவே புகழ்பெற்றது. ஜெர்மன் சுற்றுலாச் சுவரொட்டிகளை வரைந்தவர்களில் யுப் வியர்ட்ஸ் (1888–1939) முக்கியமானவர். ஆனால் 1933-க்குப் பிந்தைய ஜெர்மன் சுற்றுலாப் படங்களை வாங்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சிரித்த முகங்கள் நாஜி அரசின் பிரச்சாரத்துக்கும் சேர்த்து வேலை பார்த்தவை. இங்கிலாந்தில் வேர் ஆற்றின் வளைவில் கோட்டையும் தேவாலயமும் சேர்ந்து நிற்கும் டரம், வேல்ஸில் கான்வி ஆற்றின் முகத்துவாரத்தில் முதலாம் எட்வர்ட் கட்டிய கான்வி. முதன்முதலாக வாங்குகிறவருக்கு டரம் நல்ல தேர்வு: எந்த ஓவியர் வரைந்தாலும் மரம், ஆறு, கோபுரம் மூன்றும் தானாக இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.